பெரிய அந்தமான் மொழிக்குடும்பத்தின் மறைவு

1. முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ள கல்வெட்டுகள் இரண்டினைத் தமிழுலகம் நன்கறியும். முதற் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அஃதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் குடவோலை முறைக்கு வகுத்த விதிகளை அவை கூறுகின்றன. அவற்றில் வரும் சொற்கள் சில இன்று வழக்கிறந்தன. ஊரின் 30 பிரிவுகளைக் குறிக்க அக்கல்வெட்டுகள் ஆளும் 'குடும்பு' என்னும் சொல்லை அப்பொருளில் இன்று எவரும் வழங்குவதில்லை. ஆயினும் அச்சொல் நமக்கு இருண்டு போகவில்லை. அது நின்ற தொடர் நிற்கின்றது. தொடர் நின்ற சுவரும் நிற்கின்றது. அச்சுவரின் மொழியைப் பேசும் மக்கள் அதன் நிழலில் வாழ்கின்றனர். ஆதலின் சொல் இறந்தும் பொருள் மீட்கப்படுகின்றது.

சுவரும் இல்லை, ஓலையும் இல்லை, பேசும் மக்களும் இல்லை என்னும் நிலை ஒரு மொழிக்கு நேருமாயின் எஞ்சுவது யாது? ஒரு மொழிக்கன்றி, ஒரு மொழிக்குடும்பம் முழுமைக்குமே அந்நிலை நேருமாயின் அதன் வரலாற்றை எதனைக் கொண்டு எழுதுவது? இவ்வினாவிற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலிலேயே, அத்தகைய குடும்பம் ஒன்று இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அரசாங்கக் கல்வெட்டுத் துறையின் 1898-ஆம் ஆண்டுத் தொகுப்பிற் சேர்ந்தன. அதே 1898-இல் அந்தமான் தீவு மொழிகள் ஐந்தினை ஒப்பிட்டு எம். வி. போர்ட்மன் எழுதிய நூல் கல்கத்தாவில் வெளிவந்தது. ஒரே ஆண்டில் பதிவான இவ்விரண்டனுள் ஒன்று, வாழும் மொழியொன்றன் பழஞ்சான்று. மற்றொன்று, வாழ்ந்துகொண்டிருந்த மொழிகளின் இறுதிச் சான்றுகளுள் ஒன்று. அம்மொழிகளின் வரலாற்றையும், அவற்றைப் பற்றிய சான்றுகளின் இயல்பையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. குடும்பமும் கிளைகளும்

அந்தமான் தீவுகளின் தொல்குடி மொழிகள் அனைத்தும் ஓரினம் எனப் பொதுவாகக் கருதப்படுவதுண்டு. அது பொருந்தாது. ஓங்கே, ஜாரவா ஆகியவை ஒரு தனிக் குழு. அவற்றைப் பேசும் மக்கள் இன்றும் வாழ்கின்றனர். அவற்றின் வேறாக, வட, நடு, தென் அந்தமான் தீவுகளில் வழங்கிய மொழிகள் பத்து. இப்பத்தும் சேர்ந்ததே பெரிய அந்தமான் மொழிக்குடும்பம். இது மூன்று கிளைகளை உடையது. வடகிளையிற் சாரி, கோரா, போ, ஜெரு என நான்கும், நடுக்கிளையிற் கெதே, கோல், ஜுவோய், புச்சிக்வார் என நான்கும், தென்கிளையில் பேயா, பாலே என இரண்டும் அடங்கும்.

இம்மொழிகளின் பெயர்கள் பலவற்றின் முன் 'அகா' என்னும் முன்னொட்டு வருதல் கருதத்தக்கது. அகா-பேயா, அகா-போ, அகா-ஜெரு என்றாற்போல வரும் இம்முன்னொட்டு வாயையும், வாயின் தொழிலாகிய பேச்சையும் குறிப்பது. தம் மொழியைப் பெயரிட்டு அழைக்கும்போதே வாயை முன்னிறுத்திய மக்கள் அவர்கள். எழுத்தின் உதவி இன்றி வாயையே நம்பி வாழ்ந்த மொழிகளுக்கு அப்பெயர் முற்றிலும் பொருந்துவதாயிற்று.

சோழர் வரலாறு பயின்றோர் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'மாநக்கவாரம்' என்னும் பெயரை ஈண்டு நினைவு கூர்வர். அது நிக்கோபார்த் தீவுகளைக் குறிப்பது. அத்தீவுகளின் மொழிகள் ஆசுத்திரோ-ஆசிய இனத்தைச் சார்ந்தவை. அந்தமான் மொழிகளோடு உறவுடையன அல்ல. ஆதலின் அப்பெயரை அந்தமான் மக்களுக்கு உரிய சான்றாகக் கொள்ளுதல் கூடாது.

3. குடியேற்றமும் குடிகளின் தேய்வும்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் என்பாரைக் கொண்டு தென் அந்தமானில் ஒரு குடியேற்றம் அமைத்தனர். அது 1792-இல் வட அந்தமானுக்கு மாற்றப்பெற்று, நோயின் கொடுமையால் 1796-இற் கைவிடப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1857-ஆம் ஆண்டுப் பெரும்புரட்சியை அடுத்து, 1858 மார்ச்சுத் திங்களில் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பெற்றது. காடுகள் அழிக்கப்பட்டன. 1859 மே மாதத்தில் அபர்தீன் என்னுமிடத்தில் தீவு மக்கள் திரண்டு தாக்கினர். கைதியாய் வந்து காட்டிற்குத் தப்பியோடி, அம்மக்களோடு ஓராண்டளவு வாழ்ந்த தூதநாத் திவாரி என்பான், அத்தாக்குதலை முன்னரே வந்து அறிவித்துவிட்டமையால் அவர்கள் தோற்றனர்.

போரினும் கொடியதாயிற்று அதன்பின் வந்த அரவணைப்பு. 1863-இல் 'அந்தமான் இல்லம்' என்னும் அமைப்புத் தோன்றியது. காட்டு மக்களைப் பழக்கப்படுத்தி, உணவும் தங்குமிடமும் அளித்து, தப்பியோடும் கைதிகளைப் பிடிப்பதற்கும் அவர்களைப் பயன்படுத்துவது அதன் நடைமுறை. பல குழுவினரும் அங்கு வந்து தங்கித் திரும்பினர். அவர்களோடு நோய்களும் காட்டிற்குள் திரும்பின. 1876-இல் மேகநோய் பரவியிருத்தல் அறியப்பட்டது. 1877-இல் தட்டம்மை தீவு முழுவதும் பரவிப் பெருந்தொகையினரை மாய்த்தது. அந்நோய்களை முன்னர் அறியாத உடல்கள் அவற்றைத் தாங்கவில்லை.

1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, மொழிவாரியாக அம்மக்களின் தொகையைத் தருகின்றது. சாரி 39, கோரா 96, போ 48, ஜெரு 218. கெதே 59, கோல் 11, ஜுவோய் 48, புச்சிக்வார் 50. பேயா 37, பாலே 19. கூட்டுத்தொகை 625. இவ்வெண்களைக் கிளைவாரியாக நோக்கின் ஓர் உண்மை புலனாகும். வடகிளையினர் 401, நடுக்கிளையினர் 168, தென்கிளையினர் 56. போர்ட் பிளேர் தென் அந்தமானில் உள்ளது. குடியேற்றத்திற்கு எத்துணை அணிமையில் ஒரு குடி இருந்ததோ அத்துணை விரைவில் அது தேய்ந்தது. நோய்க்கும் காடழிப்பிற்கும் முதலில் ஆளானோர் அவர்களே. ஆயினும் சேய்மை நெடுங்காலம் காக்கவில்லை. 1931-இற் குடும்பம் முழுமைக்கும் எஞ்சியோர் 90 பேர். 1961-இல் 19 பேர்.

4. எழுதியோரும் எழுதிய நோக்கமும்

இம்மொழிகளுக்கு எழுத்துச்சான்று யாரால், எதற்காகக் கிடைத்தது என்பதனை இனிக் காண்போம்.

முதற் சொற்பட்டியலைத் தொகுத்தவர் பிளேரின் காலத்தவராகிய கோல்புரூக் என்னும் படைத்துறை அளவையாளர். அது 1790-களில் 'ஆசிய ஆராய்ச்சிகள்' என்னும் தொகுதியில் வெளிவந்தது. அந்தமான் மொழி எனப் பொதுவாகக் கூறப்பட்ட அப்பட்டியல், பெரிய அந்தமான் குடும்பத்தினது அன்று. ஜாரவா இனத்தாரது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒரு தீவில் ஒரு மொழியே இருக்கும் என்று எண்ணியதன் விளைவு இது. சொல்லைக் குறித்தவர், சொன்னவர் இன்னார், இன்ன இடத்தார் என்பதனைக் குறியாதவிடத்து, சான்றே மயக்கத்திற்கு வித்தாகின்றது.

குடியேற்றம் நிலைபெற்ற பின் 1869-இல் அந்தமானுக்கு வந்த ஈ. எச். மான், பேயா மொழியைப் பல்லாண்டு பயின்று விரிவாகத் தொகுத்தார். அவரும் ஆர். சி. டெம்பிளும் இணைந்து 1877-இல் கிறித்தவ இறைவேண்டல் ஒன்றினை அம்மொழியிற் பெயர்த்து இலக்கணக் குறிப்புகளுடன் வெளியிட்டனர். தட்டம்மை பரவிய ஆண்டும் அதுவே. போர்ட்மன் 1887-இல் ஒரு கைந்நூலும், முற்கூறியவாறு 1898-இல் ஒப்பீட்டு நூலும் வெளியிட்டார். மானின் பேயா அகராதி 1923-இல் நூலுருவம் பெற்றது. ஏ. ஆர். ராட்கிளிஃப்-பிரௌன் 1906 முதல் 1908 வரை ஆங்குத் தங்கி ஆராய்ந்து, அம்மக்களின் சமூக வாழ்வைப் பற்றிய தம் நூலை 1922-இல் வெளியிட்டார்.

இப்பதிவுகளை மேற்கூறிய குடிக்கணக்கோடு ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். பத்து மொழிகளுள் மிக விரிவாக எழுதப்பட்டது பேயா. காரணம், அது போர்ட் பிளேரைச் சூழ வழங்கிய மொழி. அலுவலர்க்கு அண்மையிற் கிடைத்த மொழி. அந்த அண்மையே அதற்கு அகராதி அளித்தது. அந்த அண்மையே அதன் மக்களை அழித்தது. 1901-இல் 37 பேரே எஞ்சிய மொழிக்கு, 22 ஆண்டுகள் கழித்து அகராதி நூலாக வெளிவந்தது. அகராதி நிறைவுற்றபோது அதனைத் திறந்து தம் சொல்லைக் காணத்தக்கோர் மறைந்து கொண்டிருந்தனர். மறுதலையாக, வட அந்தமானில் 218 பேர் பேசிய ஜெருவிற்கு அக்காலத்தில் அத்தகைய அகராதி எழவில்லை. ஆகவே இக்குடும்பத்தைப் பொறுத்தவரை, சான்றின் பெருக்கம் மொழியின் வளத்தைக் காட்டுவதன்று. அழிவின் அண்மையைக் காட்டுவது. சான்று மிகுந்த மொழியே தலைமையான மொழி என்று கொள்ளும் வழக்கத்தை ஈண்டுக் கைவிடுதல் வேண்டும்.

உத்திரமேரூர்ச் சபையார் தமக்காகத் தாமே பொறித்தனர். அதனால் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனத் தம் வாழ்வின் கூறுகளைத் தம் சொற்களாலேயே நிறுத்தினர். அந்தமான் மொழிகளைப் பிறர், பிறர்க்காக எழுதினர். ஆள்வோர் கேட்டதற்கு ஆளப்படுவோர் கூறிய விடைகளே பெரும்பாலும் ஏடேறின. மான், போர்ட்மன் ஆகியோரின் உழைப்பைக் குறைத்து மதிப்பது இதன் கருத்தன்று. அவர்கள் எழுதியிராவிடின் பேயாவின் அமைப்பை இன்று அறிதல் இயலாது. ஆயினும் வினவியவரின் நோக்கமே விடையின் எல்லையாகும் என்பதனை ஆய்வாளர் மறத்தல் ஆகாது.

5. இழந்தது யாது?

ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழைமை கூறத்தக்க இலக்கியம் எதுவும் அவற்றில் இல்லையே, இழப்பு யாது என்று வினவுவோர் உண்டு. அவர்க்கு விடை கூறுவது அம்மொழிகளின் இலக்கணமே.

இம்மொழிகள் மனித உடலின் உறுப்புகளை அடிப்படையாகக் கொண்டு சொற்களை வகுப்பன. பேயா மொழியிற் 'பேரிங' என்பது 'நல்ல' என்னும் பொருளது. அதனோடு கையைக் குறிக்கும் 'உன்' சேரின், உன்-பேரிங என நின்று கைத்திறம் உடையவனைக் குறிக்கும். கண்ணைக் குறிக்கும் 'இக்' சேரின், இக்-பேரிங என நின்று கூரிய பார்வை உடையவனைக் குறிக்கும். 'அகா' சேரின் மொழி வல்லவனையும், தலையையும் நெஞ்சையும் குறிக்கும் 'ஓத்' சேரின் நற்பண்பு உடையவனையும் குறிக்கும். நன்மை என்பது பொதுப்பட ஒன்றாக நில்லாது, கையின் நன்மை, கண்ணின் நன்மை, வாயின் நன்மை, நெஞ்சின் நன்மை என உறுப்புத்தோறும் பிரிந்து நிற்றல் காண்க.

தமிழறிஞர்க்கு இது முற்றும் புதியதன்று. உள்ளத்தின்பாற் படுவது உண்மை, வாயின்பாற் படுவது வாய்மை, மெய்யின்பாற் படுவது மெய்ம்மை என நம்மவர் பொருள் விரித்தல் மரபு. ஆயினும் வேறுபாடு பெரிது. தமிழில் அது சில சொற்களின் அளவில் நிற்பது. அந்தமான் மொழிகளிலோ பெயர், வினை, பண்பு என அனைத்தையும் ஊடுருவிச் செல்வது. வடகிளை மொழிகளை ஆராய்ந்த பேராசிரியர் அன்விதா அப்பி, உடலை ஏழு பகுதிகளாகப் பகுத்து நிற்கும் இம்முறையே அவ்விலக்கணத்தின் அச்சு என 2013-இல் வெளியிட்ட இலக்கண நூலில் நிறுவியுள்ளார்.

மேலும் ஒரு கூறு. இம்மொழிகளில் உறுப்புப் பெயர் உரியவனின்றித் தனித்து நில்லாது. இன்னாருடைய கை, இன்னாருடைய கண் எனவே கூறவியலும். பண்டைத் தமிழில் எந்தை, நுந்தை, தந்தை எனவும், யாய், ஞாய், தாய் எனவும் முறைப்பெயர்கள் உரியவரைத் தம்முள்ளே அடக்கி நின்றமையை இதனோடு ஒப்பிடலாம். பிரிக்கவியலாத உறவை மொழியும் பிரிக்கவில்லை. இவ்வொப்புமை கொண்டு இரு மொழியினமும் ஒருவழிப்பட்டன எனத் துணிதல் கூடாது. உறவற்ற மொழிகளும் ஒரே மனித அனுபவத்தை ஒத்த நெறியில் இலக்கணமாக்கும் என்பதே இதனாற் பெறப்படும்.

இம்மொழிகள் பல்லாயிரம் ஆண்டு மாறாதிருந்த ஆதி மொழிகள் என்று செய்தித்தாள்களில் வருங் கூற்றும் ஏற்புடைத்தன்று. அம்மக்கள் தீவில் நெடுங்காலம் ஒதுங்கி வாழ்ந்தனர் என்பது வேறு. அவர்தம் மொழி மாறாது நின்றது என்பது வேறு. ஒரு மூலத்தினின்று பத்து மொழிகள் கிளைத்தமையே அவை மாறி வந்தன என்பதற்குச் சான்று. பழைமை பற்றியன்று, தனித்தன்மை பற்றியே அவற்றின் இழப்பு ஈடு செய்யவியலாததாகின்றது.

6. இறுதிப் பேச்சாளர்

எஞ்சியோர் 1970-ஐ ஒட்டி ஸ்ட்ரெய்ட் தீவு என்னும் சிறு தீவிற் குடியேற்றப்பட்டனர். பல மொழியினர் ஒருங்கு கலந்தமையின், வடகிளை மொழிகள் நான்கும் விரவிய ஒரு கலப்புமொழி அவர்களிடை வழங்கியது. ஜெரு அதற்கு அடிப்படையாயிற்று. இளையோரின் வாய்மொழி இந்தியாயிற்று. இந்நிலையிலேயே அன்விதா அப்பி 2005-ஐ ஒட்டித் தம் ஆவணப் பணியைத் தொடங்கினார். 2012-இல் அவர்தம் அகராதி வெளிவந்தது. அதற்குள் அவருக்குச் சொல் உதவியோர் பலர் மறைந்தனர்.

கோரா மொழியின் இறுதிப் பேச்சாளர் போரோ 2009-இல் மறைந்தார். போ மொழியின் இறுதிப் பேச்சாளராகிய போவா மூதாட்டி 2010 ஜனவரி 26-இல், ஏறத்தாழ 85-ஆம் அகவையில் மறைந்தார். தம் மொழியிற் பேச மக்களுள் ஒருவரும் இன்மையின் அம்மூதாட்டி பறவைகளோடு பேசுவது வழக்கம் என அப்பி குறித்துள்ளார். பறவைகளைத் தம் முன்னோராகக் கருதும் மரபு அம்மக்களுக்கு உண்டு. சாரி மொழியின் இறுதிப் பேச்சாளர் லிச்சோ 2020 ஏப்பிரலில் மறைந்தார். இன்று ஐம்பது அளவினராகிய அக்குடியில், ஜெருவின் எச்சங்கள் ஒரு சிலர் நினைவில் உள. அவற்றை ஒழித்து நோக்கின், மக்கள் தம்முட் பேசி, குழந்தைக்குக் கற்பிக்கும் மொழியாக இக்குடும்பம் இன்று இல்லை. குடி வாழ்கின்றது, மொழி மறைந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறி, வாழும் மக்களை இறந்தோராக எழுதுதல் வரலாற்றுப் பிழை.

7. ஒப்புநோக்கு: தென்னமெரிக்கச் சார்ருவாக் குடும்பம்

சான்றின் நோக்கமே சான்றின் எல்லை எனக் கூறினோம். இது அந்தமானுக்கு மட்டும் உரிய செய்தியன்று. தென்னமெரிக்காவின் உருகுவாய் நாட்டிலும், அதனை அடுத்த அர்கெந்தீனப் பகுதியிலும் வழங்கி அழிந்த சார்ருவா மொழிக்குடும்பம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சார்ருவா மக்கள் 1831 ஏப்பிரலில் சால்சிபுவேதஸ் என்னுமிடத்தில் அரசுப் படையாற் கொன்று குவிக்கப்பட்டனர். எஞ்சியோருள் நால்வர் 1833-இற் பாரிசு நகருக்குக் காட்சிப் பொருளாகக் கொண்டு செல்லப்பட்டனர்.

அக்குடும்பத்து மொழிகள் மூன்று. சார்ருவா மொழிக்கு, 1840-களில் விலர்தெபோ என்னும் மருத்துவர் பிறர்வாயிற் கேட்டுக் குறித்த எழுபது அளவான சொற்களே எஞ்சின. குவெனோவா மொழிக்கு, சமயம் பரப்புதற்கு எழுதப்பட்ட வினாவிடைப் பகுதி ஒன்று, 1787-இல் அச்சான எர்வாசு பாதிரியாரின் தொகுப்பு வழியே கிடைத்தது. சானா மொழிக்கு, லார்ரன்யாகா என்னும் குருவானவர் 1815-இல் எழுதிய குறிப்பேடு உதவிற்று. மருத்துவர் தாம் கேட்ட சொற்களை விடுத்தார். குருமார் கடவுளைப் பற்றிய வினாவை விடுத்தனர். தாய் தன் மகவிடம் கூறிய மொழி எவர் ஏட்டிலும் ஏறவில்லை.

எனினும் அங்கும் ஒரு வியப்பு நிகழ்ந்தது. இறந்தொழிந்ததாகக் கருதப்பட்ட சானா மொழியின் சொற்கள் பலவற்றை, தம் தாய்வழிக் கேட்டு நினைவிற் கொண்ட முதியவர் ஒருவர், 2005-இல் அர்கெந்தீனாவின் எந்த்ரே ரீயோஸ் பகுதியில் வெளிப்பட்டார். மொழியியலறிஞர் பேத்ரோ வியேகாசு பார்ரோசு அவரிடம் கேட்டுப் பதிவு செய்தார். வீட்டினுள் வழங்கிய மொழியை வீட்டினுள்ளேயே தேடவேண்டும் என்பதற்கு இது சான்று.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன: பெரிய அந்தமான் மொழிக்குடும்பம் தன் குறைபாட்டால் அழியவில்லை, பேசிய மக்கள் நோயாலும் குடியேற்றத்தாலும் தேய்ந்தமையால் அழிந்தது. அதனைப் பற்றிய சான்று, அழிவு எங்கு முந்தியதோ அங்கு மிகுந்தும், பிந்திய இடத்தில் நெடுங்காலம் குறைந்தும் கிடைத்தது. எழுதப்பட்டவை எழுதியோரின் நோக்கத்திற்கு உட்பட்டவை. ஆதலின் அக்குடும்பத்தின் வரலாற்றை எழுதுவோர், இருக்கும் சான்றை மட்டுமன்றி, இல்லாத சான்று ஏன் இல்லை என்பதனையும் எழுதுதல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி நமக்கு உணர்த்தும் கடமை ஒன்றுண்டு. கல்வெட்டும் ஓலையும் பெற்ற மொழியின் மாணவராகிய நாம், எழுதப்பட்டதே மொழி என எண்ணப் பழகிவிட்டோம். உத்திரமேரூர்ச் சுவரைப் படியெடுக்க வருவோர் பலர். அவ்வட்டாரத்து ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் வாழும் இருளர் முதியோர், பாம்பிற்கும் எலிக்கும் மூலிகைக்கும் கிழங்கிற்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டெழுத வருவோர் சிலரே. அவர்கள் பேசுவது தமிழே எனினும், அதனுள் அகராதி ஏறாத சொற்கள் உள. நீலமலைத் தொதவர், கோத்தர் மொழிகளுக்கு எமனோ 1930-களில் ஆற்றிய பணி, தக்க காலத்திற் கேட்டெழுதினால் விளையும் பயனைக் காட்டுகின்றது.

ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு கல்வெட்டைப் படிக்கும் அளவிற்கேனும் ஒரு முதியவரின் வாய்மொழியைக் கேட்டெழுதுவாராக. கேட்கும்போது சொன்னவர் இன்னார், ஊர் இன்னது, நாள் இன்னது எனத் தவறாது குறிப்பாராக. தாம் வினவ எண்ணியதை மட்டுமன்றி, அவர் கூற விரும்பியதையும் எழுதுவாராக. கல் ஆயிரம் ஆண்டு காத்திருந்தது. வாய் அத்துணைக் காலம் காத்திராது.